உலர்ந்த ஏரியும் வளைந்த குழாயும்

புதிதாக விலைக்கு வாங்கிய மோட்டார் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய மறுநாளே, எவ்விதப் பழுதும் இல்லாத அதன் பாகமொன்றைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, கைப்பணத்தைச் செலவிட்டு வாங்கிய வேறொன்றை அந்த இடத்தில் பொருத்திக்கொள்வது என்பது, சிக்கனத்தைச் சீலமாகப் போற்றும் நம்மவர்களுக்குச் சற்று விபரீதமான வழக்கமாகவே தோன்றக்கூடும். ஆயினும் அமெரிக்க தேசத்தின் மேற்குக் கடற்கரையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உள்ளடக்கிய தென் கலிபோர்னியாப் பிரதேசத்தில், இவ்வழக்கம் முதலில் வாலிபர்களின் பொழுதுபோக்காகவும், பின்னர் கைத்தொழிலாகவும், அதன்பின் பல பட்டறைகளுக்குச் சோறு போட்ட வியாபாரமாகவும் வளர்ந்தது. அங்கே முதலில் கழற்றப்பட்ட பாகங்களுள் ஒன்று, யந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு எரிந்த வாயுவைச் சேர்த்து அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. அதற்குப் பதிலாக வந்தது, தனித்தனிக் குழாய்களை வளைத்து இணைத்த ஹெடர். எந்த ஹெடரை வாங்குவது என்று இன்று ஒருவர் கடையில் நின்று கேட்கும்போது, குழாயின் விட்டம் என்ன, நீளம் என்ன, நான்கும் ஓரிடத்தில் கூடுவதா, இரண்டிரண்டாகக் கூடுவதா, எந்த உலோகம், எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கடைக்காரர் ஐந்தாறு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறார். அக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த காலம் உண்டு.

வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்த தொழிற்சாலைக்காரர்களை விஷயம் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. வார்ப்பிரும்பு மலிவானது, ஒரே அச்சில் ஆயிரக்கணக்காக வார்த்தெடுக்கத் தக்கது, யந்திரத்தின் இரைச்சலைத் தன் கனத்துக்குள் அடக்கிக்கொள்வது, மேலெல்லாம் துருவேறிச் சிவந்துபோன பின்னும் பல்லாண்டு உழைப்பது, ஸ்டியரிங் தண்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கிடைக்கும் சொற்ப இடத்தில் அடங்கிவிடுவது. அதன் குறை ஒன்றே. நான்கு சிலிண்டர்களிலிருந்து முறைவைத்து வெளிப்படும் வாயு, குட்டையான ஒரே அறைக்குள் வந்து விழுவதால், முதலில் வந்தது வெளியேறுவதற்குள் அடுத்தது வந்து மோதுகிறது. தேரோட்டம் முடிந்து நான்கு வீதிகளிலிருந்தும் திரும்பும் ஜனக்கூட்டம் ஒரே சந்துக்குள் நுழைய முற்பட்டால் என்ன ஆகுமோ, அதுவே அங்கும் ஆகிறது. நிதானமாகச் செல்லும் குடும்பஸ்தருக்கு இதனால் நஷ்டம் ஏதும் தெரியாது. வேகத்தையே விரும்புகிறவருக்கோ, எரிந்து முடிந்த வாயுவை வெளியே தள்ளுவதற்கே பிஸ்டன் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவிடுகிறது என்பது பொறுக்க முடியாத விரயமாகப் பட்டது.

அத்தகைய வேகப் பிரியர்களுக்கு இயற்கை அமைத்துக் கொடுத்த மைதானம், லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைகளைத் தாண்டினால் வரும் மொஹாவே பாலைவனத்தில் இருந்தது. மாரியில் சிறிதளவு நீர் தேங்கி, கோடையில் வற்றி, காற்றாலும் வெயிலாலும் சமனாகி, களிமண் தரையாக இறுகிப்போன ஏரிப்படுகைகள் அங்கே பல உண்டு. அவற்றுள் பெரியனவற்றில் ஒன்று மியூராக். 1920களிலிருந்தே அங்கே வேகப் பரீட்சைகள் நடந்துவந்தன. 1937இல் பல வாலிபர் சங்கங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவி, மறு ஆண்டு மியூராக்கில் தங்கள் முதற் பந்தயத்தை நடத்தின. காற்று கிளம்பிப் புழுதியை வாரி இறைப்பதற்குள் அதிகாலையிலேயே ஓடி முடிக்க வேண்டும் என்பதால், இரவோடிரவாக மலையைக் கடந்து வந்து ஏரிக்கரையில் படுத்துக் கிடப்பார்கள். இவர்களுள் பெரும்பாலோர் கல்லூரியில் யந்திர சாஸ்திரம் பயின்றவர்கள் அல்லர்; பெட்ரோல் நிலையங்களிலும் பட்டறைகளிலும் கூலிக்கு உழைத்தவர்கள். ஆனால் காரில் ஒரு மாற்றத்தைச் செய்து ஏரியில் ஓட்டிப் பார்த்தால், அது நன்மை செய்ததா தீமை செய்ததா என்பதைக் கடிகாரம் பாரபட்சமின்றிச் சொல்லிவிடும். அவர்களுக்கு வாய்த்த ஆராய்ச்சிக்கூடம் அதுதான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவம் மியூராக்கை முழுவதும் தன்வசப்படுத்திக்கொண்டது. 1947இல் மனிதன் முதன்முதலாக ஒலியின் வேகத்தை விஞ்சி விமானம் ஓட்டியது அங்கிருந்து கிளம்பித்தான். பந்தயக்காரர்கள் எல் மிராஜ் என்ற வேறோர் ஏரிப்படுகைக்கும், 1949 முதல் யூட்டா மாகாணத்துப் பானவில் உப்புவெளிக்கும் இடம் மாறினார்கள்.

இவ்வாலிபர்களின் கைக்கு எட்டிய யந்திரம் ஃபோர்டு வி-8. 1932ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு, நடுத்தரக் குடும்பமும் வாங்கத்தக்க விலையில் எட்டு சிலிண்டர் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர் கொள்ளளவு. ஆரம்பத்தில் 65 குதிரைத்திறன். சில ஆண்டுகளுக்குள் அவ்யந்திரங்கள் பழைய இரும்புக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. அந்த யந்திரத்தின் புகைவழி இருக்கிறதே, அது எந்தப் பொறியாளரையும் முகம் சுளிக்கச் செய்யும். வால்வுகள் இரு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை ஒட்டி அமைந்திருக்க, புகை வெளிவரும் வாயோ வெளிப்புறத்தில் இருந்தது. ஆகவே தகிக்கும் வாயு, குளிர்ச்சிக்காக நீர் நிரப்பிய உடற்பகுதியை ஊடறுத்து, சிலிண்டர்களின் இடுக்கு வழியே நெளிந்து வரவேண்டியிருந்தது. ரேடியேட்டர் கொதித்ததில் வியப்பென்ன? அது மாத்திரமன்று: பக்கத்துக்குச் சிலிண்டர்கள் நான்கு, வாய்கள் மூன்றே, நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொண்டன. இடப்பக்கத்துப் புகை யந்திரத்தைக் குறுக்கே கடந்து வந்து வலப்பக்கத்துப் புகையோடு கலந்து, ஒரே சைலன்சர் வழியாகப் பின்னால் போயிற்று. உள்ளே இருக்கும் கோணல் வழியை வாலிபர்களால் நிமிர்த்த இயலாது. வெளியே வந்த பிறகாவது மூன்று வாய்களுக்கும் மூன்று குழாய் கொடுத்து, இரு பக்கங்களையும் பிரித்து, பக்கத்துக்கு ஒரு சைலன்சர் வைத்துவிடலாம் அல்லவா? தென் கலிபோர்னிய ஹெடர் தொழிலை வளர்த்துவிட்டது இந்த எளிய யோசனைதான்.

கையால் செய்த காலத்து முறை இது: தடித்த எஃகுத் தகட்டை மேனிஃபோல்டின் அச்சுப்படி வெட்டித் துளையிட்டு யந்திரத்தோடு போல்ட்டு வைத்து முடுக்குவார்கள். குழாய்க்குள் உலர்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, காஸ் தீக்கொழுந்தால் செக்கச் சிவக்கக் காய்ச்சி, மெல்ல வளைப்பார்கள். மணல் இல்லையேல் வளைவில் குழாய் நசுங்கி வழி குறுகிவிடும். பின்னாளில், குழாய்க்குள் எஃகு உருண்டைகளைச் செலுத்தி வைத்துக்கொண்டே வளைக்கும் மாண்ட்ரல் யந்திரங்கள் வந்து மணலுக்கு ஓய்வு கொடுத்தன. இன்றும் தெருமுனைச் சைலன்சர் கடைகள் பலவற்றில் குழாயை வெளியிலிருந்து அழுத்தியே வளைக்கிறார்கள். வளைவின் உட்புறத்தில் மடிப்பு விழுந்த ஹெடரை வாங்குகிறவர், விட்டத்துக்கென்று கொடுத்த விலையை அந்த மடிப்பிலேயே இழந்துவிடுகிறார். ஏரியில் ஓட்டும்போது சைலன்சரே வேண்டாம். நகரத்தில் அது இல்லாமல் ஓட்டினால் போலீஸ்காரர் சீட்டுக் கிழித்துவிடுவார். அதற்கும் ஓர் உபாயம் கண்டார்கள். ஹெடரிலிருந்து ஒரு கிளைக்குழாயை இழுத்து, அதன் வாயை மூடியிட்டுப் போல்ட்டு போட்டு வைத்தார்கள். ஏரிக்குப் போனதும் மூடியை அவிழ்த்தால் வாயு சைலன்சரைத் தீண்டாமல் நேரே வெளியேறும். ஏரிக்குப் போகாத பலரும் இக்குழாயை வாங்கிப் பக்கவாட்டில் பளபளக்கத் தொங்கவிட்டுக்கொண்டார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அழகுக்காகவே குழாயை வெளியே காட்டும் ஆசை அவ்வாலிபர்கள் கண்டுபிடித்ததும் அன்று. 1935ஆம் ஆண்டின் ஆபர்ன் ஸ்பீட்ஸ்டர் என்னும் தனவந்தர்களின் கார், முன்மூடியின் பக்கவாட்டிலிருந்து பளிச்சென்று வெளிப்பட்ட தடித்த வளைகுழாய்களாலேயே பார்த்தவர் மனத்தைக் கவர்ந்தது. ஹெடர் விற்பனையில் கண்ணுக்கு இருக்கும் பங்கு அன்றும் இன்றும் பாதிக்குக் குறையாது என்பது என் அபிப்பிராயம். குரோமியம் பூசிய ஹெடரை ஆசையாய்ப் பூட்டி, முதல் நெடும்பயணத்திலேயே அது உஷ்ணத்தால் நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறியதைக் கண்டு ஏங்கியவர்கள் எண்ணிறந்தவர்கள்.

யுத்தம் முடிந்து, விமானத் தளங்களிலும் கப்பல்களிலும் உலோக வேலை பழகிய வாலிபர்கள் கையில் சேமிப்புப் பணத்தோடு திரும்பி வந்ததும், தனக்கும் தன் நண்பனுக்கும் செய்துகொண்டிருந்த குழாய் வேலை, முன்பின் அறியாதவருக்குத் தபாலில் அனுப்பும் சரக்காயிற்று. வேகப் பாகங்கள் செய்து விற்ற விக் எடல்ப்ராக் 1946இல் தம் முதல் விலைப்பட்டியலை அச்சிட்டார். 1948 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒரு கார்க் கண்காட்சியை ஒட்டி, ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' என்னும் மாதப் பத்திரிகையை 25 சென்ட் விலையில் வெளியிட்டார். ஏரிக்கரையில் வாய்மொழியாக உலவிய அனுபவ ஞானமும், அதை விலைக்கு விற்ற சிறு பட்டறைகளின் விளம்பரமும் அப்பத்திரிகையின் வழியாகத் தேசமெங்கும் பரவின. இந்தச் சந்தர்ப்பத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்களுள் சாண்டி பெலண்ட் என்பவர் ஒருவர். சைலன்சர் கடை நடத்திய அவர், ஃபோர்டு வி-8க்கும் பிற யந்திரங்களுக்கும் ஆயத்தமாகச் செய்துவைத்த ஹெடர்களை விற்கத் தொடங்கினார்.

பெலண்டின் பெயர் மோட்டார் சரித்திரத்தில் நிலைபெற்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஜார்ஜ் சாலி என்ற தேர்ந்த கைவினைஞர், இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்துக்காகத் தம் வீட்டிலேயே ஒரு கார் கட்டினார். நிமிர்ந்து நிற்கும் வழக்கமுடைய ஆஃபென்ஹவுசர் நான்கு சிலிண்டர் யந்திரத்தை, தரைமட்டத்துக்கு 18 பாகையே உயர்ந்திருக்கும்படி ஏறக்குறைய படுக்க வைத்துவிட்டார். காரின் உயரம் குறைந்தது, காற்றின் தடையும் அதனுடன் குறைந்தது. இதற்குப் பொருளுதவி செய்தவர் பெலண்ட். ஆகவே காருக்கும் 'பெலண்ட் எக்ஸாஸ்ட் ஸ்பெஷல்' என்று நாமகரணம் ஆயிற்று. 1957இல் சாம் ஹாங்ஸ் அதை ஓட்டி, மணிக்கு 135.6 மைல் சராசரி வேகத்தில் வென்று, ஒரு லட்சம் டாலருக்கு மேல் பரிசு பெற்ற கையோடு அப்பந்தயத்திலிருந்து ஓய்வு பெறுவதாகவும் அறிவித்தார். மறு ஆண்டு ஜிம்மி பிரையன் அதே காரில் மீண்டும் வென்றார். அந்த வெற்றிகளில் ஹெடருக்கு உரிய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது வீண் வேலை; படுத்த யந்திரமே பெரும்பங்கைக் கோரும். ஆனால் நாட்டின் மிகப் பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்த காரின் விலாவில் ஒரு புகைக்குழாய்க் கடையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. எத்தனை பக்க விளம்பரம் கொடுத்தாலும் அதற்கு ஈடாகுமா?

இதற்குள் பந்தயத்தின் வடிவமே மாறியிருந்தது. 1950இல் சாண்டா ஆனா விமானத்தளத்தின் ஓடுபாதையில் கட்டணம் வாங்கிக்கொண்டு கால் மைல் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார். ஏரியில் மைல் கணக்கில் ஓடிச் சிறுகச் சிறுக வேகம் ஏற்றிய யந்திரம், இனி நின்ற நிலையிலிருந்து பாய்ந்து சில விநாடிகளுக்குள் ஒவ்வொரு கியரிலும் வேகம் ஏறி இறங்க வேண்டியதாயிற்று. 1955இல் செவர்லே கம்பெனி 265 கன அங்குல வி-8 யந்திரத்தை வெளியிட்டது. இலேசாகவும் மலிவாகவும் மிக வேகமாகச் சுழலக்கூடியதாகவும் இருந்த அது, பழைய ஃபோர்டைப் பந்தயத்திலிருந்து சில ஆண்டுகளுக்குள் ஒதுக்கிவிட்டது. 1954இல் தொடங்கிய பாப் ஹெட்மனின் ஹெடர்ப் பட்டறையும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் எழுந்த டக் தார்லியின் பட்டறையும் இந்த யந்திரத்தை நம்பியே வளர்ந்தன என்றால் மிகையாகாது. நீளமும் விட்டமும் கடைக்காரரின் கேள்விகளாக ஆன காலம் இது.

அக்கேள்விகளின் உட்பொருளைச் சற்று விளக்க வேண்டும். புகை வால்வு திறந்த கணத்தில், சிலிண்டரில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தால் வாயு குழாய்க்குள் வெடித்துப் பாய்கிறது. அதற்கு முன்னோடியாக ஓர் அழுத்த அலை விநாடிக்கு 500 மீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் குழாய் நெடுகிலும் ஓடுகிறது. குழாய் முடிந்து விசாலமான இணைப்பு அறைக்குள் அந்த அலை விரிந்ததும், அதன் பிரதிபலிப்பாகக் குறையழுத்த அலையொன்று புறப்பட்டு வால்வை நோக்கித் திரும்புகிறது. உள்வால்வு திறந்ததற்கும் புகை வால்வு மூடுவதற்கும் இடையில் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு பொழுது ஒன்று உண்டு. திரும்பி வரும் அலை சரியாக அப்பொழுதில் வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே உறிஞ்சுவதோடு, புதிய கலவையையும் உள்ளே இழுத்துக்கொடுக்கிறது. காசு செலவில்லாமல் கிடைக்கும் உதவி இது. ஆனால் 6,000 சுற்று வேகத்தில் ஒரு சிலிண்டர் விநாடிக்கு 50 முறை வெடிக்கிறது. 3,000 சுற்றில் 25 முறைதான். அலையின் வேகமோ ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் ஒரு நீளம் ஒரு சுற்றுவேகத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். பொருந்தாத வேகங்களில் அதே அலை அகாலத்தில் வந்து புகையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளவும் கூடும். நீண்ட குழாய் தாழ்ந்த சுற்றுவேகத்தில் உதவும், குட்டைக் குழாய் உயர்ந்த வேகத்தில் உதவும் என்ற விதி இவ்வாறு வந்தது. நெடுங்குழாய் ஹெடர்களில் 30 முதல் 36 அங்குல நீளம் வழக்கமானதும் அனுபவத்தின் பயனே. இங்கிலாந்தில் பிலிப் ஸ்மித்தும் ஜான் மாரிசனும் உள்வழி, புகைவழிகளின் அமைப்பைக் கணிதமுறையில் ஆராய்ந்து 1962இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். கலிபோர்னியப் பட்டறைக்காரர்கள் குழாயை வெட்டி, ஓட்டிப் பார்த்து, மீண்டும் வெட்டி, ஏறக்குறைய அதே முடிவுகளுக்குத் தம் வழியில் வந்து சேர்ந்தார்கள்.

வி-8 யந்திரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் அப்பொழுது தலைதூக்கியது. செவர்லேயில் சிலிண்டர்கள் 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை எண்கள் வலப்பக்கம். வரிசையை விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், இடப்பக்கத்தில் 5உம் 7உம் அடுத்தடுத்தே வெடிப்பதும், வலப்பக்கத்தில் 8உம் 4உம் அவ்வாறே வெடிப்பதும் புலப்படும். ஒரு பக்கத்து நான்கு குழாய்களை ஒன்றாகச் சேர்த்தால், வாயு சீரான இடைவெளியில் வராமல், ஒரு சமயம் நெருங்கியும் ஒரு சமயம் விலகியும் வருகிறது. அமெரிக்க வி-8 கார்களுக்கே உரிய அந்தத் தடதடப்பான உறுமலுக்குக் காரணமும் இதுவே. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு குழாய்களை எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துச் சேர்த்தால் இடைவெளி சீராகும். ஆனால் அத்தனை குழாய்களையும் யந்திரத்தைச் சுற்றிக் கொண்டுபோக இடம் ஏது? யந்திரத்தை நடுவில் வைத்துக் கட்டிய ஃபோர்டு ஜிடி-40 பந்தயக் காரில், கியர்ப்பெட்டிக்கு மேலே அந்த இடம் கிடைத்தது. எட்டுக் குழாய்களும் ஒன்றையொன்று தழுவிப் பின்னிக் கிடந்த அதன் புகைவழியைப் பாம்புக்கட்டு என்றே பந்தயக்காரர்கள் அழைத்தார்கள். அவ்வினக் கார்கள் 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பிரான்ஸ் தேசத்து லெமான் பந்தயத்தை வென்றன. முன்புறம் யந்திரம் வைத்த வீட்டுக் காருக்கு இவ்வமைப்பை விற்க முயன்றவர்கள் உண்டு; வாங்கியவர்கள் சிலரே.

வீட்டுக் காருக்குப் பொருந்திய நடுவழி, நான்கை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் படிப்படியாகச் சேர்க்கும் அமைப்பு. 'ட்ரை-ஒய்' என்று அதற்குப் பெயர். பந்தயக் கார்கள் கட்டிய கரோல் ஷெல்பி 1965இல் ஃபோர்டு மஸ்டாங் காரைத் திருத்தி ஜிடி-350 என்று விற்றபோது, சைக்ளோன் கம்பெனியின் ட்ரை-ஒய் ஹெடரையே அதில் பொருத்தினார். தொழிற்சாலையிலிருந்து 271 குதிரைத்திறனோடு வந்த 289 கன அங்குல யந்திரம், ஹெடரும் புதிய கார்புரேட்டரும் உள்மேனிஃபோல்டும் பெற்று 306 குதிரைத்திறன் கொண்டதென விளம்பரப்படுத்தப்பட்டது. நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ஹெடர் உச்ச வேகத்தில் சற்று மிகுந்த பலன் தரும். ட்ரை-ஒய் நடுத்தரச் சுற்றுவேகத்தில் அகன்ற பலன் தரும். சாலையில் ஓட்டுகிறவருக்குப் பின்னதே உகந்தது என்று நான் கருதினும், கடைகளில் அமோகமாக விற்றது முன்னதுதான். அதைச் செய்வது எளிது. பந்தயத்தில் வெல்கிற கார்களில் காணப்பட்டதும் அதுவே.

1960களின் பிற்பகுதி இத்தொழிலின் பொற்காலம். தொழிலதிபர்கள் 1963இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். நிறுவியவர்களுள் ஹெட்மனும் ஒருவர். 1967இல் அச்சங்கத்தின் முதற் கண்காட்சி டாட்ஜர் பேஸ்பால் அரங்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. கேரி ஹுக்கரின் பட்டறைச் சரக்கும் இக்காலத்தில் பெரும்பேர் பெற்றது. பெரிய கம்பெனிகளும் இந்த ஆசையை அறிந்துகொண்டன: 1967இல் வெளிவந்த செவர்லே கமாரோ இசட்-28 காரை ஹெடரோடு வேண்டும் என்று கேட்டவருக்கு, வழக்கமான மேனிஃபோல்டோடு கூடிய காரைக் கொடுத்து, ஹெடரைப் பெட்டியோடு டிக்கியில் வைத்து அனுப்பினார்கள். பூட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு! டிராக்ஸ்டர் என்னும் கால்மைல் பந்தய வண்டிகளிலோ குழாய்கள் ஒன்றோடொன்று சேர்வதையே விட்டுவிட்டு, எட்டும் தனித்தனியாக மேல்நோக்கிப் பின்வளைந்து, டயர் கக்கும் புகையை விலக்கிக்கொண்டே வண்டியைத் தரையோடு அழுத்தவும் செய்தன.

அந்தப் பொற்காலத்திலேயே வாங்குவோரிடம் ஒரு மயக்கமும் பரவியது. பந்தய வீரர் 2 அங்குல விட்டமுள்ள குழாய் போட்டால், கடைத்தெருவுக்குப் போய்வரும் காருக்கும் அதுவே வேண்டும் என்றார்கள். விட்டம் பெருகப் பெருகக் குழாய்க்குள் வாயுவின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால், ஓடுகிற வாயு தனக்குப் பின்னால் மிச்சத்தை இழுத்துச் செல்லும் உந்துதலும் குறைகிறது. விளைவு, 6,500 சுற்றில் கிடைக்கும் லாபத்துக்காக, 2,500 சுற்றில் தினந்தோறும் வேண்டிய இழுவிசையைப் பறிகொடுப்பது. யந்திரத்துக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும் என்று இன்றும் பலர் சொல்லும் தவறான வாதம் இந்த அனுபவத்திலிருந்து கிளைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. பெரிய குழாய் போட்டபோது அவர்கள் இழந்தது வாயுவின் வேகத்தை, பழியைச் சுமத்தியதோ அழுத்தம் குறைந்ததன்மேல். 350 கன அங்குலச் செவர்லே யந்திரத்தைச் சாலையில் ஓட்டுகிறவருக்கு 1⅝ அங்குலக் குழாயே போதும் என்ற பட்டறை வழக்கு, பலர் பணம் இழந்த பின் நிலைத்த தீர்ப்பு.

பூட்டும் வேலையைப் பற்றி விலைப்பட்டியல்கள் அடக்கமாகவே பேசின. யந்திரத்தைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளை அவிழ்த்து, ஜாக்கி வைத்து ஒரு பக்கமாகத் தூக்கி, கீழிருந்து ஹெடரை நுழைக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டில் ஒரு குழாய் உரசும். சுத்தியலால் அந்த இடத்தில் பதமாகத் தட்டிக் குழி விழச்செய்வார்கள். ஸ்பார்க் பிளக்கை மாற்ற ஸ்பேனர் நுழையாது. பிளக் வயர் குழாயில் பட்டு உருகும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறி, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கிளம்ப மறுக்கும். முகத்தகடு மெல்லியதாயிருந்தால் உஷ்ணத்தில் கோணி, காஸ்கெட் எரிந்து, டிக் டிக் என்று புகை கசியும். அதனால்தான் முதல் முறை சூடேற்றி ஆறவைத்த பிறகு போல்ட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்வார்கள். ஹெடர் வாங்கப் போகிறவர் குழாயைத் தட்டிப் பார்ப்பதற்குமுன் முகத்தகட்டின் கனத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் நடந்த அதே நகரத்தின்மேல் வேறொரு புகை படிந்துகொண்டிருந்தது. 1943 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகத் தவித்து, சத்துரு விஷவாயு வீசிவிட்டானோ என்றுகூட அஞ்சினார்கள். பாஸடீனாவிலுள்ள கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில், அன்னாசிப் பழத்தின் வாசனைப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு ரசாயனி, 1950களின் தொடக்கத்தில் இதன் காரணத்தைக் கண்டறிந்தார்: எரியாமல் தப்பும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்து இந்த மூடுபுகையை உண்டாக்குகின்றன, கார்கள் அதற்குப் பெரும் பொறுப்பாளி. 1966இல் புகைக்குழாய் வழியே வெளிவருவனவற்றுக்குக் கலிபோர்னிய அரசு வரம்பு விதித்தது. 1967இல் காற்று வளவாரியம் ஏற்படச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதல் தலைவர் அதே ஹாகன்-ஸ்மிட். 1970இன் மத்திய அரசுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1975ஆம் ஆண்டுக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்து புகைவழியில் குடியேறியது. ஹெடர்க்காரர்களும் ரசாயனியும் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வாயுவை, அவரவர் முனையிலிருந்து அளந்துகொண்டிருந்தார்கள்.

இதன் பயனாகக் கடைக்காரரின் பட்டியலில் புதிய கேள்வி ஒன்று சேர்ந்தது. கலிபோர்னிய வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு, மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியின் பலனைக் குறைக்கும் எந்தப் பாகத்தையும் சாலைக் காரில் பொருத்தலாகாது என்கிறது. வாரியம் பரிசோதித்து விலக்கு ஆணை அளித்து, அதற்கொரு எண்ணும் கொடுத்தால் மட்டுமே பொருத்தலாம். கன்வெர்ட்டரை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் குட்டை ஹெடருக்கு அந்த எண் கிடைப்பது சாத்தியம். நெடுங்குழாய் ஹெடரோ கன்வெர்ட்டரைப் பின்னுக்குத் தள்ளுவதால், அது சூடேறி வேலை செய்யத் தாமதமாகிறது. எனவே பெரும்பாலான நெடுங்குழாய்கள் பந்தயத்துக்கு மட்டும் என்ற முத்திரையோடு விற்கப்படுகின்றன. 1984இல் புகைப் பரிசோதனை கட்டாயமான பிறகு, பரிசோதகர் குனிந்து தேடுவது அந்த எண் பொறித்த சிறு தகட்டைத்தான். தொழிலில் பலர் இதை அநீதி என்று நெடுநாள் புலம்பினார்கள். என் பார்வையில், அலையின் நேரத்தைக் கணக்கிட்ட அதே திறமையை இந்தக் கணக்குக்கும் திருப்பியவர்களே பிழைத்தார்கள்.

உலோகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சாதாரண எஃகில் பூசிய வர்ணம் முதல் வாரத்திலேயே கருகி உரியும். பீங்கான் கலந்த பூச்சு உஷ்ணத்தை உள்ளே நிறுத்தித் துருவையும் தள்ளிப்போடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு விலை மிகுந்தது, ஆனால் கடலோர ஊர்களிலும் துருவை நன்கு தாங்கும்.

இதற்கிடையே தொழிற்சாலைகளும் பாடம் படித்துக்கொண்டன. 1985 மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் யந்திரம் குழாய் ஹெடரோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. 2006இல் செவர்லே கார்வெட் இசட்-06 காரின் 7 லிட்டர் யந்திரத்துக்கு, நீரழுத்தத்தால் உருவாக்கிய குழாய்களைக் கொண்ட ஹெடரைக் கம்பெனியே பொருத்தியது. அதைக் கழற்றி வேறொன்று போட்டுச் சொல்லத்தக்க லாபம் காண்பது பட்டறைக்காரர்களுக்கு எளிதாயிருக்கவில்லை. டர்போ பொருத்திய புதுக் கார்கள் பலவற்றில், குறிப்பாக ஃபோக்ஸ்வாகனின் ஈஏ-888 யந்திரத்தின் மூன்றாம் தலைமுறையில், மேனிஃபோல்டையே சிலிண்டர் தலைப்பகுதியோடு சேர்த்து வார்த்து, அதைச் சுற்றி நீரையும் ஓடவிட்டிருக்கிறார்கள். புகையின் சூட்டை நீருக்குக் கொடுத்தது பழைய ஃபோர்டில் பெருங்குறை; இவற்றிலோ, குளிர்ந்த காலையில் யந்திரத்தை விரைவில் சூடாக்கவும், முழு வேகத்தில் டர்போவைக் காக்கவும் வேண்டியே அதைச் செய்திருக்கிறார்கள். அவ்வகைக் காரை வாங்கியவர் கடைக்கு வந்து ஹெடர் கேட்டால், கழற்றுவதற்கு அங்கே மேனிஃபோல்டே இல்லை. கடைக்காரர் எடுத்துக் காட்டக்கூடியது டர்போவுக்குப் பின்னால் தொடங்கும் ஒற்றைக் குழாயைத்தான், அதற்குள்ளும் கன்வெர்ட்டர் இருப்பதால், கலிபோர்னியாவில் அதற்கும் அந்த எண் வேண்டும்.